சுரங்கம் மூடிய ஊரில் குடிதண்ணீர்

வட கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் கிரதள்ளி தாண்டா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்துப் பாறைகளில் ஒரு காலத்தில் தங்கம் தோண்டியிருக்கிறார்கள். கோலார் அளவுக்குப் பேர் வாங்கிய சுரங்கம் இல்லை. தோண்டியவர்கள் போய்விட்டார்கள், கழிவுமண் அங்கேயே கிடந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழு அங்கே 59 ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டது. 79 சதவீதக் கிணறுகளில் ஆர்செனிக், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. ஒரு கிணற்றில் லிட்டருக்கு 303 மைக்ரோகிராம். ஊரில் 181 பேரைப் பரிசோதித்ததில் 58.6 சதவீதம் பேருக்குத் தோலில் ஆர்செனிக் நோயின் அடையாளம் தெரிந்தது.

அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆர்செனிக்குக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வாட்டர் பில்டர் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, 'பாருங்க சார், 420' என்று பயமுறுத்துவாரே, அந்த மீட்டரும் இதில் உதவாது. அது காட்டுவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கு, அதுவும் மில்லிகிராமில். 303 மைக்ரோகிராம் என்பது 0.3 மில்லிகிராம். வரம்பைப்போல முப்பது மடங்கு நஞ்சு கலந்த பிறகும் மீட்டரில் 420 என்பது 420 ஆகவே நிற்கும். மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது, அதனால் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டுவதுதான் சுரங்க ஊர்களில் அடிக்கடி நடக்கிற தவறு.

கூட வந்தது எது?

பழைய சுரங்க ஊரில் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அங்கே எதைத் தோண்டினார்கள் என்பது. அடுத்த கேள்விதான் முக்கியம்: தோண்டிய பொருளோடு கூட வந்து, விலை போகாமல் வெளியே கொட்டப்பட்டது எது? பெரும்பாலும் ஊரைக் கெடுப்பது இந்த இரண்டாவது பொருள்தான்.

தெற்குத் தாய்லாந்தில், நகோன் சி தம்மராட் மாகாணத்தில் ரோன் பிபுன் என்ற வட்டாரம் உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக எடுத்தது வெள்ளீயம். வெள்ளீயத்தால் யாருக்கும் பெரிய கேடு வரவில்லை. அதே பாறையில் ஒட்டிக்கொண்டு வந்த ஆர்சனோபைரைட் என்ற கனிமத்தைக் கழிவாகக் கொட்டினார்கள். இரும்பும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. 1987-இல் அங்கே மருத்துவர்கள் ஆர்செனிக் தோல் நோயைக் கண்டறிந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்ததில் நோயாளிகள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஆழமில்லாத கிணறுகள் சிலவற்றில் லிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம் வரை ஆர்செனிக் இருந்தது, அதாவது வரம்பைப்போல ஐந்நூறு மடங்கு.

ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் எடுத்தது துத்தநாகமும் காரீயமும். கழிவோடு ஜின்சு ஆற்றில் இறங்கியது காட்மியம். கீழே தோயாமா சமவெளி மக்கள் அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், அதையே நெல் வயலுக்கும் பாய்ச்சினார்கள். காட்மியம் முதலில் சிறுநீரகத்தைக் கெடுத்தது, பிறகு எலும்பைக் கரைத்தது. பிள்ளை பெற்று வயதான பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவர்களின் வலிக் கூப்பாடே 'இதாய் இதாய்' என்று நோய்க்குப் பெயராயிற்று. உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹகினோ சுரங்கத்தைக் கைகாட்டிப் பல ஆண்டுகள் போராடினார். 1968-இல்தான் ஜப்பான் அரசு அதைத் தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. வயல் மண்ணை மாற்றி முடிக்க 2012 ஆகிவிட்டது. அதே மலையின் வயிற்றில் இன்று நியூட்ரினோ ஆய்வுக்காக 50,000 டன் தண்ணீர் நிற்கிறது. 2020 வரை பூமியில் கிடைக்கக்கூடிய மிகத் தூய தண்ணீர்களில் அது ஒன்றாக இருந்தது. விதி இப்படியும் கிண்டல் செய்யும்.

தங்கமும் வெள்ளீயமும் செம்பும் எடுத்த இடமென்றால் ஆர்செனிக்கை முதலில் தேடலாம். துத்தநாகம், காரீயம் என்றால் காட்மியமும் காரீயமும். பாதரசம் கலந்து தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கம் நடந்த இடமென்றால் பாதரசம். ஆய்வகத்தில் போய் 'எல்லாவற்றையும் பாருங்கள்' என்றால் பணம்தான் செலவாகும். எதைத் தேடுவது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

மூடிய பிறகுதான் தொடங்கும்

'அதுதான் சுரங்கத்தை மூடி வருஷக்கணக்கா ஆச்சே' என்று ஊரில் சொல்வார்கள். அந்த நிம்மதிக்கு அடிப்படை கிடையாது. காற்றே படாமல் பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சும்மா இருந்த கந்தகக் கனிமங்களை மேலே கொண்டுவந்து மாவாக அரைத்துக் குவித்துவிட்டார்கள். கல் உப்பைவிடப் பொடி உப்பு சட்டென்று கரைவதைப் போலத்தான் இதுவும். மழையும் காற்றும் சேர்ந்தால் கந்தகம் அமிலமாகிறது, அமிலம் மற்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் பம்புகள் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தன. மூடியதும் பம்பு நின்றது. தண்ணீர் சுரங்கப் பாதைகள் வழியாக ஏறி, சுவரில் படிந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு ஏதோ ஒரு மடையில் வெளியே வருகிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டு கிங் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில் 2015 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்தது இதுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்களே வாயில் அடைப்பைக் கிளறியபோது, உள்ளே தேங்கியிருந்த ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் பீறிட்டு அனிமாஸ் ஆற்றில் கலந்தது. ஆறு மஞ்சளாக ஓடிய படம் உலகமெங்கும் வந்தது. ஆனால் அந்த நிறம் இரும்பின் நிறம். நிறத்தோடு வந்த தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை, ஊரே உஷாராகிவிடும். கிரதள்ளி தாண்டாவுக்கு அப்படி ஒரு மஞ்சள் எச்சரிக்கை கிடைக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் போன தமிழர்கள் தோண்டிய சுரங்கம் அது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியது, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவுமண் 13 மேடுகளாக ஊருக்கு நடுவிலேயே கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அந்த மேட்டுத் தூசி வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படிவது அங்கே பழைய புகார். தங்கம் பிரிக்கப் போட்ட சயனைடின் பெயரால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் சயனைடு வெயில் பட்டு மெல்லச் சிதையும், உலோகம் சிதையாது. இப்படிக் கழிவுமேட்டை ஒட்டிய வீடுகளில் ஓட்டுக்கூரையிலோ மாடியிலோ மழைநீர் பிடிக்கிறவர்கள் முதல் மழையை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு மழையிலும் முதல் சில நிமிடத் தண்ணீர் தொட்டிக்குள் போகாதபடி குழாயைத் திருப்பிவிட வேண்டும். பிடித்த தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

பாட்டிலில் பிடிக்கும்போது

சோதனைக்குத் தண்ணீர் பிடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலியான மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், உலோகத்தில் ஒரு பங்கு பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கன உலோகச் சோதனை என்று முன்கூட்டியே சொன்னால் ஆய்வகமே நைட்ரிக் அமிலத் துளிகள் விட்ட பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுக்கும். அதைக் கழுவக் கூடாது, அமிலம் போய்விடும். கையில் படவும் விடக் கூடாது. கழுத்துவரை பிடித்து, நிரம்பி வழியுமுன் மூடிவிட வேண்டும்.

ஒரே கிணற்றிலிருந்து இரண்டு பாட்டில் பிடிப்பது புத்திசாலித்தனம். விடியற்காலையில் குழாயைத் திறந்ததும் வருகிற முதல் தண்ணீர் ஒன்று. ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிப்பது இன்னொன்று. முதல் பாட்டிலில் காரீயமோ செம்போ அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால், குற்றவாளி வீட்டுக் குழாயும் பித்தளை வால்வும். இரண்டிலும் அதிகமென்றால் நிலத்தடியிலேயே கோளாறு. முதல் நிலைமைக்குக் குழாயை மாற்றினால் போதும், இரண்டாவதற்குத் தண்ணீரையே மாற்ற வேண்டும். அடிபம்பாக இருந்தால் கொஞ்ச நேரம் நன்றாக அடித்துவிட்டுப் பிடிக்க வேண்டும். பாட்டிலில் தேதி, நேரம், கிணற்றின் ஆழம் மூன்றையும் எழுதி ஒட்டுவது பிறகு உதவும். கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் பார்க்காமல் ஒரு கிணற்றுக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது.

அரசு ஆய்வகங்களின் வழக்கமான குடிநீர்ப் பட்டியலில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவை இருக்கும். ஆர்செனிக்கும் காட்மியமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டே ஆக வேண்டும். தனியார் ஆய்வகமென்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அந்த அங்கீகாரம் கன உலோகச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்று பார்க்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் அலகைப் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 ஆர்செனிக்குக்கும் காரீயத்துக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001 என்று வரம்பு வைத்திருக்கிறது. 0.01 மில்லிகிராம் என்றாலும் 10 மைக்ரோகிராம் என்றாலும் ஒன்றுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அறிக்கையைத் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு. அடுத்து 'பி.டி.எல்.' என்ற மூன்றெழுத்து. கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவு என்று அர்த்தம். ஆனால் எந்த அளவுக்குக் கீழே? ஆய்வகத்தின் கருவி 50 மைக்ரோகிராமுக்கு மேல்தான் பார்க்கும் என்றால், 40 மைக்ரோகிராம் ஆர்செனிக் உள்ள கிணறும் பி.டி.எல். என்றே வரும். கருவியின் கீழெல்லை எவ்வளவு என்று எழுதிக் கேட்டு வாங்கலாம். சொல்லத் தயங்குகிற ஆய்வகத்துக்கு இரண்டாவது பாட்டிலைக் கொடுக்கத் தேவையில்லை.

போர் போடுகிறவர் சொல்வது

அறிக்கை மோசமாக வந்ததும் ஊரில் முதலில் கிளம்பும் யோசனை, 'இன்னும் நூறு அடி இறக்கினா சரியாயிடும்.' சில இடத்தில் சரியாகும். ரோன் பிபுனில் மேல்மட்ட வண்டல் கிணறுகள்தான் நஞ்சாக இருந்தன, கீழே சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் எவ்வளவோ பரவாயில்லை. கிரதள்ளி தாண்டாவில் கெட்டிருந்ததோ ஆழ்துளைக் கிணறுகளே. மேலிருந்து கழிவு இறங்குகிறதா, கனிமம் பாறையிலேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே பக்கத்திலேயே ஆழமாகப் போட்டிருக்கும் ஒரு கிணற்றின் தண்ணீரைச் சோதிக்காமல் புதிய போருக்குப் பணம் கட்டுவது சூதாட்டம். பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாக இருப்பதும் ஆதாரம் ஆகாது. பாறைப் பூமியில் ஐம்பது அடி தள்ளினால் தண்ணீர் வேறு.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் உலோகத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்குப் பெட்டிக்கும் இதில் வேலை இல்லை. வெறும் கரி வடிகட்டி குளோரின் வாடையை எடுக்கும், ஆர்செனிக்கை நம்பிக்கையாக எடுக்காது. ஆர்.ஓ. காரீயம், காட்மியம் இரண்டையும் நன்றாகவே தடுக்கும். ஆர்செனிக்கில்தான் சிக்கல். அது தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. நிலத்தடியில் காற்றில்லாத இடத்திலிருந்து வரும் வடிவம் ஆர்.ஓ. சவ்வை ஓரளவு நழுவித் தாண்டிவிடும். அதை முதலில் குளோரின் போன்ற ஒன்றால் மற்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டு வடிகட்ட வேண்டும். எந்தச் சவ்வுக்கு எவ்வளவு குளோரின் தாங்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் பொருத்த வேண்டிய வேலை.

ஆர்செனிக்குக்கு மலிவான வைத்தியம் இரும்புத் துருதான். இரும்பு ஆக்சைடின் மேல் ஆர்செனிக் ஒட்டிக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழு உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டி இந்தத் தத்துவத்தில் இயங்குவது. பங்களாதேசத்தில் அபுல் ஹுஸாம் வடிவமைத்து 2007-இல் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கிய 'சோனோ' வடிகட்டியும் இரும்பை நம்பியதுதான். அதற்கு மின்சாரமும் வேண்டாம்.

பழைய வெள்ளீய, செம்புச் சுரங்கப் பகுதியான இங்கிலாந்தின் கார்ன்வாலில் சொந்தக் கிணறு வைத்திருக்கும் 497 வீடுகளின் குழாய்த் தண்ணீரை ஆராய்ந்தார்கள். 5 சதவீத வீடுகளில் ஆர்செனிக் வரம்பைத் தாண்டியிருந்தது, அதிகபட்சம் 440 மைக்ரோகிராம். துணியில் கறை படிகிறதே என்று இரும்பை எடுக்கக் கருவி வைத்த வீடுகளில், யாரும் திட்டமிடாமலே ஆர்செனிக்கும் குறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பொருத்திய கருவி எல்லா வீட்டிலும் வேலை செய்யவில்லை. வடிகட்டி வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற எல்லோரும் படிக்கவேண்டிய முடிவு இது. வடிகட்டிக்கு முன் ஒரு பாட்டில், பின் ஒரு பாட்டில் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்தால்தான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். தீர்ந்துபோன வடிகட்டு மண்ணை வாழைக்குழியில் கொட்டுகிறார்கள். பல மாதத் தண்ணீரிலிருந்து வடித்த நஞ்சு முழுக்க அதில்தான் இருக்கிறது. வடிகட்டி கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் சரி. வாங்கும்போதே அதற்குச் சம்மதம் வாங்கிவிடலாம்.

உடம்பு சொல்லும் அடையாளங்கள் தாமதமாகத்தான் வரும், பெரும்பாலும் பல ஆண்டுகள் குடித்த பிறகு. மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளியும் வெண்புள்ளியும், உள்ளங்கையிலும் பாதத்திலும் ஆணி போன்ற தடிப்பு, இவை ஆர்செனிக்கின் கையெழுத்து. வலிக்காது, அரிக்காது, அதனால் மண்வெட்டி பிடித்த கை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுபோல் இருந்தால் தோல் மருத்துவரிடம் போகும்போது கிணற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் களிம்போடு திரும்ப வேண்டியதுதான். சிறுநீரில் ஆர்செனிக் பார்க்கச் சொன்னால், மூன்று நான்கு நாள் முன்பிருந்தே மீன், இறால், நண்டு வேண்டாம். கடல் உணவில் இருக்கும் தீங்கற்ற ஆர்செனிக் கணக்கை ஏற்றிக் காட்டிவிடும். ரத்தத்திலிருந்து ஆர்செனிக் சீக்கிரமே வெளியேறிவிடுவதால், பழைய கதையைச் சொல்லத் தலைமுடியும் நகமும்தான் ஏற்றவை. எந்த மருந்துக்கும் முன்னால் நடக்கவேண்டியது அந்தத் தண்ணீரை நிறுத்துவது. 'உலோகத்தை உறிஞ்சி எடுக்கும்' மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து.

கெட்ட கிணற்றை மூட வேண்டுமா? தேவையில்லை. பங்களாதேசத்தில் (அங்கே ஆர்செனிக் சுரங்கத்தால் வந்ததல்ல, வண்டலிலேயே உள்ளது) சுமார் 50 லட்சம் அடிபம்புகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். ஒரு டப்பா பெயின்டில் முடிகிற வேலை என்பதால் எந்த ஊராட்சியும் இதைச் செய்யலாம். சிவப்புப் பம்பில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், வீடு கழுவலாம். ஆர்செனிக் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. குடிக்கக் கூடாது, சோறு வடிக்கக் கூடாது, குழந்தைக்குப் பால் மாவு கலக்கக் கூடாது. சோறு விஷயத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உலையைப் பழைய பம்புத் தண்ணீரிலேயே வைப்பார்கள். அரிசி வேகும்போது தண்ணீரோடு ஆர்செனிக்கையும் இழுத்துக்கொள்ளும். சோதித்த தேதியையும் பம்பின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். பச்சை அடித்த பம்பையும் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, பழைய தேதியை அழித்துப் புதிய தேதியை எழுத வேண்டும்.